கிரகப்பிரவேசம் முடிந்தது, வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை என்ன செய்வது?

புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் சுற்றியிருக்கும் வெற்றிடத்தைப் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கையாளுகிறார்கள். சிலர் ஒரு ஜாண் மண்கூடத் தெரியாமல் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய், பூத்திருக்கும் செடிகளாகப் பார்த்து வாங்கிவந்து நட்டு, பாதி கருகியதும் ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். இதில் கைராசிக்கு வேலையே இல்லை. ஒரு வருடம் லாரி ஏறி, கலவை கொட்டி, சென்ட்ரிங் பலகை அடுக்கிய மண்ணில் எந்தச் செடியும் திணறத்தான் செய்யும்.

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்ட் மனையில் வீடு கட்டிக் குடியேறியவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 2400 சதுர அடியில் வீடு பாதியை எடுத்துக்கொண்டால், முன்னால் கொஞ்சம், பக்கவாட்டில் இரண்டு சந்து, பின்னால் ஒரு துண்டு என்று மீதி கிடக்கும். திருச்சியிலோ மதுரையிலோ இருப்பவர்கள் மழைக் கணக்கை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

வேலையின் வரிசை முக்கியம். குப்பை, வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு), மழைநீர், மண், செடி, கடைசியில் கல். பலரும் கல்லில் தொடங்குகிறார்கள், அதனால்தான் இரண்டாம் வருடம் பெயர்க்க வேண்டியதாகிறது. கொட்டி நிரப்பிய மண் ஒரு வடகிழக்குப் பருவமழையில் ஊறி இறங்கி முடியும்வரை அதன்மேல் நிரந்தரமாக எதையும் பதிக்காமல் இருப்பது நல்லது.

கடைசி பில்லுக்கு முன்னால்

மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்பே மனையைச் சுற்றி வாருங்கள். கட்டடக் குப்பையை அப்படியே பரப்பி, மேலே நான்கு அங்குலம் செம்மண் போட்டுச் சமப்படுத்திவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். கடப்பாரையை ஏழெட்டு இடத்தில் இறக்கிப் பாருங்கள். ‘ணங்’ என்று சத்தம் வரும் இடமெல்லாம் செங்கல் துண்டும் காங்கிரீட்டும்தான். பணம் கையில் இருக்கும்போது சொன்னால் அள்ளிக்கொண்டு போவார்கள், கொடுத்த பிறகு போன் எடுக்கமாட்டார்கள்.

அதே நாளில் இன்னொரு வேலை. செப்டிக் டேங்க் எங்கே, கழிவுநீர் சேம்பர்கள் எங்கே, சம்ப்புக்கு வரும் குழாய் எந்தப் பக்கம், மீட்டருக்கு வரும் மின்கேபிள் பூமிக்கடியில் எப்படி வருகிறது, எர்த் குழி எங்கே என்று பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் காட்டச் சொல்லுங்கள். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளந்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கொய்யாவுக்குக் குழி தோண்டும் ஆள், கடப்பாரையால் குடிநீர்க் குழாயைக் குத்திவிடாமல் இருக்க அந்தத் தாள்தான் துணை. வேலை நடக்கும்போதே குழாய்களை மூடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தவர்கள் புத்திசாலிகள்.

குப்பையில் எதை விடலாம், எதை விடக்கூடாது

எல்லாவற்றையும் அள்ள வேண்டியதில்லை. சுத்தமான செங்கல் துண்டுகளை ஒரு மூலையில் குவித்து வையுங்கள், மழைநீர்க் குழிக்கு உதவும். கட்டாயம் போக வேண்டியவை மூன்று.

முதலாவது மரம். சென்ட்ரிங் பலகைத் துண்டும் சவுக்குக் கழி முனையும் மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. அங்கே கூடுகட்டி, அடுத்து உங்கள் வாசல் நிலைக்கு வரும். அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து அடித்திருந்தாலும் மரத்துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, கலவை போட்ட இடம். வெள்ளையாக, பாளமாக இறுகிக் கிடக்கும். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்படி ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதை முதலில் காட்டிக்கொடுப்பது இட்லிப்பூச் செடி. புது வீட்டுச் சுவரோரம் வரிசையாக இட்லிப்பூ வைத்து, ‘எவ்வளவு உரம் போட்டும் மஞ்சளாகவே இருக்கிறது’ என்று புலம்புகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். அந்தப் பாளத்தையும் அதற்குக் கீழே அரை அடி மண்ணையும் சேர்த்தே அகற்றுங்கள்.

மூன்றாவது ஆணி, கட்டுக்கம்பி, டைல்ஸ் சில்லு, பெயிண்டும் தின்னரும் கொட்டிய மண். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் இது. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தால் கைநிறைய ஆணி ஒட்டிக்கொண்டு வரும்.

குவியல்களை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். செங்கல் குவியலும் பலகை அடுக்கும் பாம்புக்குப் பிடித்த இடங்கள், புறநகரில் இது வெறும் பேச்சில்லை.

வாட்டம்

மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும். இந்த ஒரு விஷயம் சரியாக இருந்தால் மற்றவற்றில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. 10 அடி தூரத்துக்கு 6 அங்குலம் இறக்கம் என்பது நல்ல கணக்கு. 5 அடிச் சந்து என்றால் சுவரோரத்திலிருந்து காம்பவுண்டு வரை 3 அங்குலம். கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காம்பவுண்டிலும் பிடித்தால் இரண்டிலும் ஒரே மட்டம் கிடைக்கும். அதிலிருந்து கீழே அளந்து குறித்து நூல் கட்டிவிடலாம்.

மண்ணை உயர்த்தும்போது இரண்டு எல்லைகள் உண்டு. வீட்டுப் பக்கம், பேஸ்மட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது அரை அடி கீழேயே மண் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் சுவரில் ஓதம் ஏறும், உள்ளே பெயிண்ட் பொரிந்து உதிரும். பூச்சட்டி வைப்பது போலச் சுவரை ஒட்டியே பாத்தி கட்டி மண் நிரப்புவது இதனால்தான் கூடாது, ஒன்றரை அடியாவது தள்ளுங்கள்.

மறுபக்கம் காம்பவுண்டு. அது வேலிச் சுவர், மண்ணைத் தாங்கும் சுவர் இல்லை. சாலையை மறுபடி மறுபடி உயர்த்திப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் நம் ஊரில் மனையையே மூன்றடி, நான்கடி உயர்த்துகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பக்கத்து மனை பள்ளமாக இருந்து, இந்தப் பக்கம் முழுக்க மண் நிரப்பினால், ஊறிய மண்ணின் பாரத்தில் ஒன்பது அங்குலச் சுவர் சாய்ந்துவிடும். அங்கே கருங்கல் சுவரோ காங்கிரீட் சுவரோ தேவையா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற துளைகளும் விட வேண்டும், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் மனைக்குள் கொட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புது ஊரில் முதல் சண்டை தண்ணீருக்காக வர வேண்டாம்.

கரிசல் மண் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவரோரம் ஒரு பக்கம் மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அஸ்திவாரம் ஒருபக்கம் அசையும். அங்கே சுவரைச் சுற்றி இரண்டு, மூன்று அடிக்குச் சரிவான சிமெண்ட் தளம் போட்டுவிட்டு, தோட்டத்தை அதற்கு அப்பால் வைப்பதே சரி.

மழைநீர்

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல வீடுகளில் அது பிளான் அப்ரூவலுக்காகப் போட்ட ஒரு குழாயோடு நின்றுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். சென்னையில் ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில் சகஜம். அன்றைக்கு உங்கள் மாடியில் விழுவது 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றின் அளவு. அதைத்தான் தெருவில் விட்டுவிட்டு, சித்திரையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

குழி எங்கே, எந்த அளவில் என்பதை உங்கள் மண்தான் முடிவு செய்யும். ஒரு அடி ஆழத்தில் சின்னக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றி நேரத்தைப் பாருங்கள். பெசன்ட் நகர் மாதிரியான கடலோர மணலில் நிமிடங்களில் போய்விடும். களிமண்ணில் மறுநாளும் நிற்கும். மணல் பாங்கான இடத்தில் 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழக் கசிவுக்குழி ஒன்றிரண்டு போதும். அதில் நீங்கள் எடுத்துவைத்த செங்கல் துண்டுகளையும் கூழாங்கல்லையும் போட்டு, மேலே அரை அடி மணல் பரப்பி, துளையிட்ட சிலாபால் மூடலாம். களிமண் என்றால் அந்தக் குழியின் அடியிலிருந்து கைத்துளைப்பானால் இன்னும் 10, 15 அடி இறக்கி, கீழே மணல் அடுக்கைத் தொட்டு, துளையைக் கூழாங்கல்லால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அது கசிவுக்குழியாக இருக்காது, கொசுத் தொட்டியாகிவிடும்.

வீட்டுச் சுவரிலிருந்து 5 அடியாவது தள்ளியும், செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தூரத்திலும் குழியை வையுங்கள். மாடிக் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பெருமழை அன்று பாதாளச் சாக்கடை பொங்கி உங்கள் குளியலறைக்குள்ளேயே எட்டிப்பார்க்கும். ஆவணி, புரட்டாசியில் ஒருமுறை மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். அதைச் செய்யாத குழி சில வருடங்களில் அடைத்துக்கொள்ளும்.

மண்ணுக்கு உயிர் கொடுப்பது

ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. மூன்றின் பட்டைகளும் ஜாடியில் தெரியும். இன்னும் விவரம் வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். நான்கைந்து இடங்களில் ‘வி’ வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுபோனால் போதும். கார அமில நிலையும் உப்பின் அளவும்தான் நமக்கு முக்கியம். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுங்கள், புறநகர்களில் பல இடங்களில் மண்ணைவிடத் தண்ணீர்தான் உப்பு.

அப்புறம் கொத்துவது. செடி வைக்கப்போகும் இடம் முழுவதையும் ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்ட வேண்டும். லாரி நின்ற இடம் கல்மாதிரி இருக்கும், முந்தின நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கொத்துங்கள்.

இதற்குப் பிறகு நேராகச் செடிக்குப் போகாமல், ஒரு பட்டம் தக்கைப்பூண்டு விதைக்கச் சொல்வேன். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இதற்கும் பொருந்தும். களர் நிலத்தைத் திருத்த உழவர்கள் பயன்படுத்தும் பசுந்தாள் உரம் இது. காரமான மண்ணையும் தேங்கும் தண்ணீரையும் தாங்கும், வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆடியில் விதைத்தால் ஆவணிக் கடைசியில், 45 நாளில், பூவெடுக்கும் சமயம் அப்படியே வெட்டி மண்ணுக்குள் மடக்கிவிடலாம். இரண்டு மூன்று வாரம் மட்கட்டும். ஐப்பசி மழைக்கு மண் தயாராக இருக்கும். விதைச் செலவு மிகக் குறைவு. புது வீட்டுக்கு முன்னால் காடுமாதிரி ஏதோ வளர்ந்திருக்கிறதே என்று வருகிறவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

வெளியிலிருந்து மண் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கணக்கு எளிது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 300 சதுர அடிக்கு 4 அங்குலக் கனத்தில் பரப்பினால் ஒரு யூனிட் ஆகும். மண் இறங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் வந்ததும் கொட்டச் சொல்லாமல், கையில் அள்ளிப் பாருங்கள். ஏரி மண்ணில் கோரைக் கிழங்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒருமுறை உள்ளே வந்த கோரை பிடுங்கப் பிடுங்க வரும். மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்தால் நல்லது. மட்காத சாணம் வேண்டாம், வேரைச் சுடும், கரையானையும் அழைக்கும்.

எந்தப் பக்கம் எந்தச் செடி

வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் சற்று வடக்கே இருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. மாசியில் நிழலாகத் தெரியும் வடக்குச் சந்தில் வைகாசியில் வெயில் விழும். மேற்குப் பக்கம் எப்போதும் கடுமை. அங்கே ஒரு மரம் வைத்தால் படுக்கையறைச் சூடு குறையும்.

மரத்தில் ஆசையை அடக்க வேண்டும். ஆலும் அரசும் வீட்டு மனைக்கே வேண்டாம். பறவை போட்ட விதையிலிருந்து சுவர் இடுக்கில் முளைத்தாலும் விரல் பருமனாவதற்குள் பிடுங்கிவிடுங்கள். வேம்பு, மா போன்றவற்றுக்குச் சுவரிலிருந்து 15 அடியாவது தேவை, ஒரு கிரவுண்டில் அது பெரும்பாலும் கிடைக்காது. சீக்கிரம் நிழல் தரும் என்று மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வைக்கிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் சாய்ந்து கிடந்தவற்றில் இவை நிறைய இருந்தன. தென்னை ஒன்றுக்கு 25 அடி இடைவெளி வேண்டும், மட்டையும் நெற்றும் உங்கள் காரின்மேலா பக்கத்து வீட்டு ஷீட்டின்மேலா விழும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு இது. பின்பக்கம் ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, சமையலறை ஓரத்தில் கறிவேப்பிலை. எலுமிச்சையில் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1, கொய்யாவில் லக்னோ-49 ஆகிய இரண்டு ரகங்களும் நம் பக்கம் நன்றாக வரும். கொய்யாவுக்குச் சுவரிலிருந்து 8 அடி, மற்ற சின்ன மரங்களுக்கு 5 அடி விடுங்கள். முருங்கை கட்டாயம் வேண்டுமென்றால் காம்பவுண்டு மூலையில் வையுங்கள், கம்பளிப்பூச்சிக் காலத்தில் சுவரெல்லாம் ஊரும், கிளையும் பலமில்லாதது, ஏணி சாத்த முடியாது. முன்பக்கம் பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி. கேட் வளைவில் ஒரு முல்லைக் கொடி. அரளி வறட்சியைத் தாங்கும், ஆனால் செடி முழுக்க விஷம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். துணி துவைக்கும் தண்ணீர் போகும் வழியில் கல்வாழையும் வாழையும் வையுங்கள்.

குழி 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழம். வெட்டி இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். மண் பின்னால் இறங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகவே விடுங்கள். ஒட்டுச் செடியின் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் கிள்ளிவிடுங்கள்.

புல்தரை பற்றி ஒரு வார்த்தை. 200 சதுர அடிப் புல்லுக்குக் கோடையில் தினம் 90 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அதற்கு வசதி இருந்தால் போடலாம், நிழலில் எருமைப்புல், வெயிலில் பெர்முடா. எனக்குப் பிடித்தது பொடுதலை. நம் ஊர் வரப்புகளில் தானாகப் படரும் அதே செடிதான். உப்புத் தண்ணீரைத் தாங்கும், வெட்ட வேண்டிய தேவை குறைவு, சின்னப் பூவுக்குத் தேனீ வரும்.

கல் பதிப்பது தை மாதத்தில்

மழைக்காலம் முழுக்க குடையோடு ஒரு சுற்று வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, மண் எங்கே உள்வாங்குகிறது என்று சுண்ணாம்பால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை நிரப்பித் திமிசு போட்டு இடித்துவிட்டுக் கல்லுக்கு வரலாம். கார் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ. பேவர் போதும், கனமான வண்டி வரும் என்றால் 80. நடைபாதைக்கு இடைவெளி விட்டுப் பதித்த கடப்பா கல் நன்றாக இருக்கும். மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும். முழுக்கப் பேவர் போட்ட வீட்டில் சித்திரை இரவிலும் தரை அனலடிக்கும், கீழே தண்ணீரும் இறங்காது. செப்டிக் டேங்க் மூடிமேலும் சேம்பர் மூடிகள்மேலும் கல்லை ஒட்டிவிடாதீர்கள், கழற்றி எடுக்கும்படி விட வேண்டும். வாசலில் கோலம் போடும் இடத்தை மட்டும் மழமழப்பாகத் தனியாகப் பூசச் சொல்லுங்கள். பேவர் இடுக்குகளில் புள்ளி வைத்துப் பார்த்த அம்மாக்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

முதல் கோடையில் செடிகளுக்குத் தினமும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது நல்லது. வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். பாத்தியில் இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த இலையோ தென்னை மட்டைத் தூளோ மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விட்டு. வீட்டுச் சுவரோரம் மூடாக்கு வேண்டாம், கரையான் அதன் மறைவில் ஏறும். இட்லிப்பூ ஆசை இன்னும் இருந்தால், இரண்டாம் மழைக்காலம் முடிந்தபின் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரே ஒரு செடி வைத்து, புதுத் துளிர் பச்சையாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள்.